எழுந்திருக்கிறதுக்கு ஒரு நாற்காலி

ஜூன் 4

அண்ணி,

உங்ககூடப் பேசறதில்லைன்னு நான் சொன்னது சொன்னதுதான். அதுல மாத்தமே இல்லை. ஆனா எழுதறதில்லைன்னு நான் சொல்லலை. அதனால இந்தக் கடுதாசியைப் பார்த்துட்டு, பாப்பா இறங்கி வந்துட்டாளேன்னு உள்ளுக்குள்ள சிரிச்சுக்க வேண்டாம்.

நீங்க மரவேலை கத்துக்கப் போறீங்கன்னு என் பையன் ஃபோன்ல சொன்னான். நான் நம்பலை. நாற்பது வருஷம் கத்திரிக்கோல் பிடிச்ச தையல்காரி, கடையை மூடின கையோட போய் ரம்பம் பிடிக்கிறதாவது! அதுவும் மெஷினே கிடையாதாமே, அறுக்கிறது, இழைக்கிறது எல்லாம் கையாலதானாமே? ஒரு பலகையை அறுக்க எவ்வளவு நேரம் ஆகும்? மத்தவங்க எல்லாம் ஆம்பளைங்களா? தோள் வலிக்காதா உங்களுக்கு? அக்கறைன்னு நினைக்காதீங்க, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்கிறேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எனக்கு நாற்காலியிலேர்ந்து எழுந்திருக்க முடியலை. நடப்பேன், நிப்பேன், சமைப்பேன், மாடிப்படிகூட மெதுவா ஏறிடுவேன். ஆனா முன் அறையில அந்தக் குழி விழுந்த நாற்காலி இருக்கே, அதுல உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான். எதிர்வீட்டு நர்ஸ் வேலை முடிஞ்சு வந்து கையைக் கொடுத்துத் தூக்கி விடறாங்க. போன மாசம் பையன் வந்தப்போ அதைப் பார்த்துட்டான். அவ்வளவுதான், மூஞ்சி மாறிப் போச்சு. "தானா எழுந்திருக்க முடியாம நீ எப்படிம்மா தனியா இருப்பே? ஆகஸ்ட் கடைசியில வர்றேன். அப்பவும் இப்படியே இருந்தா வீட்டை வாடகைக்கு விட்டுட்டு என்கூட வந்துடு"ன்னு சொல்லிட்டான்.

அவன் இருக்கிறது ஒன்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தா எதிர்ல இன்னொரு ஒன்பதாவது மாடி. பிள்ளை நல்லவன்தான், மருமகளும் தங்கம், குறை சொன்னா வாய் அழுகிடும். ஆனா என் வீட்டுல நான் கண்ணை மூடிக்கிட்டு டம்ளர் எடுப்பேன். அங்க தண்ணி குடிக்கவே, எது எங்க இருக்குன்னு ஒருத்தரைக் கேட்கணும். எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக இஷ்டமில்லை அண்ணி. அவ்வளவுதான் விஷயம்.

கடை நாற்காலி ரெண்டு வாங்கிப் பார்த்தாச்சு. ஒண்ணு சக்கரம் வச்சது. நான் எழுந்திருக்கப் பார்த்தா அது பின்னால ஓடுது. இன்னொண்ணுல உட்கார்ந்தா கால் தரையில படலை, சின்னப் பிள்ளை மாதிரி காலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ரெண்டையும் திருப்பி அனுப்பிட்டேன்.

நீங்க ஒண்ணு செஞ்சு தர முடியுமா, முடியாதா? முடியாதுன்னா முடியாதுன்னு எழுதுங்க. எனக்கு ஒண்ணும் இல்லை.

பாப்பா


ஜூன் 11

பாப்பா,

கடுதாசி வந்தது. சிரிக்கலை. கால் ஆட்டின இடத்துல மட்டும் சிரிச்சேன்.

முதல்ல ஒண்ணு. கடை நிறைய ஆள் இருக்கும்போது அந்த நீலச் சட்டையை மேஜையில விட்டெறிஞ்சு, "உங்க கை போச்சு அண்ணி, கடையை மூடிடுங்க"ன்னு நீ சொன்னே. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துல நான் கடையை மூடினது நிஜம். நீ சொல்லித்தான் மூடினேன்னு யாராவது சொன்னா நம்பாதே. அந்தப் பெருமையை நான் உனக்குக் கொடுக்க மாட்டேன். உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போச்சு, மூடினேன். மூடின பிறகு கை சும்மா இருக்க மாட்டேன்னுது. நூலகத்துக்குப் பின்னால ஒரு கொட்டகையில ரிட்டையர் ஆனவங்களுக்கு மரவேலை வகுப்புன்னு போர்டு பார்த்தேன். போய் நின்னேன். அவ்வளவுதான்.

பொம்பளை நான் ஒருத்திதான். பக்கத்து மேஜையில ஒரு பல் டாக்டர். வலிக்குதா வலிக்குதான்னு கேட்கிற மாதிரியே பலகையை அறுப்பார். வாத்தியார் எங்களைவிட இருபது வயசு சின்னவர், வாயில எப்பவும் பென்சில், அதனால பாதிப் பேச்சு புரியாது. தோள் வலிக்கும். ராத்திரி எண்ணெய் தேய்ச்சுக்கிறேன். ஒரு முழப் பலகையை அறுக்க ஆரம்பத்துல அரை மணி ஆச்சு. இப்ப ரம்பத்தை அழுத்தறதில்லை. அதோட எடையிலேயே போக விட்டா அதுவே போகுது. இதை நாற்பது வருஷம் மெஷின் மிதிச்ச எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை, இருந்தாலும் ஒரு மாசம் ஆச்சு புரிய.

துணிக்கு நேர், குறுக்கு இருக்கிற மாதிரி மரத்துக்கும் இருக்கு பாப்பா. எனக்கு அது தெரிஞ்ச அன்னிக்குத் தூக்கமே வரலை. நேர் பக்கம் மரம் நீளாது, சுருங்காது. குறுக்கே மழை நாள்ல உப்பும், வெயில்ல சுருங்கும். செத்த மரம், இன்னும் மூச்சு விடுது!

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன், வேற யாராவது சொல்றதுக்கு முன்னால. முதல் பெட்டிக்கு நாலு பலகையையும் தையலுக்கு அரை இஞ்ச் விட்டு அறுத்தேன். வாத்தியார் பென்சிலை வாயிலேர்ந்து எடுத்துட்டுக் கேட்டார், "அம்மா, இந்த அரை இஞ்சை எங்கே மடிக்கப் போறீங்க?" அடுத்ததா எனக்கே ஒரு முக்காலி செஞ்சேன். டேப் எடுத்து அளவெல்லாம் கச்சிதமா எடுத்தேன். நின்னுக்கிட்டு. தையல்காரி ஆச்சே, ஆளை நிக்க வச்சுத்தானே பழக்கம். உட்கார்ந்தா இடுப்பு அகலமாகும், தொடை பரவும், முதுகு குட்டையாகும். ஒரு மனுஷி உட்காரும்போது வேற உடம்பு. நாற்பது வருஷமா இது எனக்குத் தெரியலை.

அதனால நீ செய்ய வேண்டியது. உயரமான பெஞ்சோ கட்டிலோ, எழுந்திருக்க முடியற இடமாப் பார்த்து உட்காரு. கால் தரையில படணும். முட்டிக்குப் பின்னால இருக்கிற மடிப்பிலேர்ந்து தரை வரைக்கும் ஓர் அளவு. உட்கார்ந்தபடி இடுப்பு அகலம், இந்தப் பக்கத்திலேர்ந்து அந்தப் பக்கம். உட்காருற இடத்திலேர்ந்து முழங்கை வரைக்கும் உயரம். உண்மை அளவு வேணும். மரத்தைப் பிரிச்சுத் தைக்க முடியாது.

அண்ணி


ஜூன் 19

அண்ணி,

"உண்மை அளவு வேணும்"னு எழுதியிருக்கீங்களே, அது எனக்குக் குத்தாம இல்லை. அந்த நீலச் சட்டையை நீங்க மறக்க மாட்டீங்க, நானும் மறக்க மாட்டேன். கையைத் தூக்கினா கக்கம் கிழிஞ்சுது. அது தையல் குத்தமா, என் உடம்புக் குத்தமா? பழைய அளவே போடுங்கன்னு நான் சொன்னேன், சரி. நீங்க கண்ணால பார்த்திருக்கக் கூடாதா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! போகட்டும்.

அளவு எடுக்க நான் பட்ட பாட்டைக் கேளுங்க. கட்டில் விளிம்புல உட்கார்ந்தேன். குனிஞ்சு டேப்பைத் தரையில வச்சா மேல் நுனி நழுவுது, மேல் நுனியைப் பிடிச்சா கீழ் நுனி நழுவுது. கடைசியில டேப்பைக் கால் பெருவிரலால மிதிச்சுக்கிட்டு எடுத்தேன். முட்டியிலேர்ந்து தரை பதினேழு இஞ்ச். முழங்கை எட்டரை. இடுப்பு அகலம் பதினஞ்சு.

உங்க வாத்தியாரை எனக்குப் பிடிச்சிருக்கு. அந்தப் பல் டாக்டர் பெண்டாட்டி உயிரோட இருக்காங்களா?

செத்த மரம் மூச்சு விடுதுன்னு எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சதிலேர்ந்து நான் வீட்டுக் கதவையெல்லாம் தொட்டுப் பார்க்கிறேன். மழை நாள்ல குளியலறைக் கதவு இறுகிக்கும், வெயில் நாள்ல தானா திறந்துக்கும். பேய்னு நினைச்சிருந்தேன் இத்தனை நாளா. இப்ப பயம் போச்சு.

பாப்பா


ஜூலை 2

பாப்பா,

பல் டாக்டர் பெண்டாட்டி நல்லா இருக்காங்க. வேலையைப் பார்.

நல்ல மரத்துல கை வைக்கிறதுக்கு முன்னால ட்ரையல் பார்க்காம எனக்கு ஓடாது. கோட்டு தைக்கும்போது முதல்ல மட்டத் துணியில ஒண்ணு தைச்சு ஆள் மேல போட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி பார்சல் பெட்டிப் பலகையில ஒரு நாற்காலி செஞ்சிருக்கேன். "நாற்காலிக்கு ட்ரையலா?"ன்னு வாத்தியார் சிரிச்சார். அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு அவரும் ஒண்ணு செஞ்சு பார்த்தார், அதை நான் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்.

அதைவிட முக்கியமான ஒண்ணு. மனுஷங்க நாற்காலியிலேர்ந்து எப்படி எழுந்திருக்காங்க? யோசிச்சுப் பார்த்திருக்கியா? எனக்குத் தெரியாதுன்னு எனக்கே தெரிஞ்சுது. அதனால டிஸ்பென்சரியில வெயிட்டிங் ஹால் இருக்கே, அங்க போய் ரெண்டு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். டாக்டர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருத்தரா எழுந்திருப்பாங்க, நான் பார்ப்பேன். "உங்க டோக்கன் என்ன?"ன்னு கம்பவுண்டர் கேட்டார். எனக்கு ஒண்ணும் இல்லை, நான் சும்மா பார்க்க வந்தேன்னு சொன்னேன். அவர் என்னை வேற டாக்டர்கிட்ட அனுப்பலாமான்னு யோசிச்சிருப்பார்.

என்ன பார்த்தேன்னா, ஒருத்தர்கூட நேரா மேல எழுந்திருக்கறதில்லை. எல்லாரும் முதல்ல முன்னால நகர்ந்து, நாற்காலி விளிம்புக்கு வர்றாங்க. அப்புறம் பாதத்தைப் பின்னால இழுத்து நாற்காலிக்கு அடியில வைக்கிறாங்க. அப்புறம் குனியறாங்க, மூக்கு கால் விரலைத் தாண்டற வரைக்கும். அந்த இடம் வந்ததும் பின்பக்கம் தானா தூக்குது. மேலே பார்த்துக்கிட்டு எழுந்திருக்கப் பார்த்தவங்க எல்லாம் திரும்ப உட்கார்ந்தாங்க.

இப்ப நீ உன் நாற்காலியைப் பார். முன்கால் ரெண்டுக்கும் நடுவுல கீழே ஒரு குறுக்குக் கட்டை இருக்கும். பாதத்தைப் பின்னால இழுக்க விடாதது அதுதான். நான் செய்யற நாற்காலிக்கு அது வேண்டாம்னு வாத்தியார்கிட்ட சொன்னேன். "நாற்காலி ஆடிப் போகும், அம்மா"ன்னார் வாத்தியார். ஒரு நாள் முழுக்கச் சண்டை. கடைசியில கட்டையை முன்னாலேர்ந்து எடுத்து, ரெண்டு பக்கக் கட்டைக்கும் நடுவுல பின்தள்ளி வச்சோம். ஆடலை. அவரும் ஒத்துக்கிட்டார்.

ட்ரையல் பார்சல் லாரியில வருது. ரெண்டு கையிலும் சாக்பீஸ் தூளைப் பூசிக்கிட்டு உட்கார்ந்து எழுந்திரு. கை எங்க அழுத்துதுன்னு நாற்காலியில தடம் விழும். அந்தத் தடத்தை அப்படியே தாள்ல எடுத்து அனுப்பு.

அண்ணி


ஜூலை 10

அண்ணி,

நாற்காலி வந்தது. சாக்பீஸ் பூசிக்கிட்டு உட்கார்ந்தேன். கொஞ்சம் பிடிச்ச மாதிரிதான் இருந்தது, புதுசுன்னா அப்படித்தான்னு நினைச்சேன். நீங்க சொன்ன மாதிரியே காலை இழுத்து, மூக்கை முன்னால நீட்டி எழுந்தேன். எழுந்துட்டேன் அண்ணி! எழுந்ததும்தான் தெரிஞ்சுது, நாற்காலியும் என்கூடவே எழுந்திருச்சுன்னு.

சிரிக்காதீங்க. முதுகுல நாற்காலியோட முன் அறையில நிக்கிறேன். உட்காரவும் பயம், நடக்கவும் பயம். ஆமை மாதிரி வாசல் வரைக்கும் போய் எதிர்வீட்டு நர்ஸைக் கூப்பிட்டேன். அவங்க வந்து, என்னைப் பார்த்து, கதவைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க பாருங்க, நோயாளிகிட்ட இப்படிச் சிரிச்சா வேலை போயிடும். அப்புறம் நாற்காலியோட ஒரு பக்கக் கையைத் தட்டிக் கழட்டித்தான் என்னை வெளியே எடுத்தாங்க. நாற்காலி இப்ப பின்கட்டுல இருக்கு, அதுமேல பூந்தொட்டி வச்சிருக்கேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு உங்களைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். அப்புறம் கிழிச்சேன். ஏன்னா அந்தப் பதினஞ்சை எழுதினது யாருன்னு நீங்க பதில் எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியும்.

இதோட ஒரு நூல் இருக்கு. வெள்ளை நூல், ரெண்டு பக்கமும் முடிச்சு. அந்த முடிச்சுலேர்ந்து இந்த முடிச்சு வரைக்கும் என் இடுப்பு அகலம். நர்ஸ்தான் எடுத்தாங்க. நம்பரா நான் எழுத மாட்டேன். நீங்களும் எழுதாதீங்க.

சாக்பீஸ் தடமும் தாள்ல இருக்கு.

பாப்பா


ஜூலை 17

பாப்பா,

நூல் வந்தது. மரத்து மேல வச்சுக் கோடு போட்டுட்டேன். டேப் வச்சு அளக்கலை. அளந்தாத்தானே நம்பர்.

உனக்குத் தெரியாம நான் சிரிச்சது நிஜம். பல் டாக்டர்கிட்ட சொன்னேன், அவர் சிரிச்சதுல கையிலிருந்த மரம் சீவற இழைப்புளி கீழே விழுந்து மூக்கு உடைஞ்சு போச்சு. இழைப்புளிக்கு.

நல்ல மரம் வாங்கியாச்சு. முன்கால் ரெண்டும் முடிஞ்சுது. ஒரு கட்டையில துளை, இன்னொரு கட்டையில அந்தத் துளைக்குள்ள போற நாக்கு, ஆணி கிடையாது. எனக்கு இது சட்டைக்குக் கை வைக்கிற வேலை மாதிரி இருக்கு. கொஞ்சம் பெரிசானா தொளதொளன்னு இருக்கும், சின்னதானா கட்டை பிளந்துடும். உளியை வச்சு ஒரு சீவல் எடுப்பேன், போட்டுப் பார்ப்பேன், இன்னொரு சீவல் எடுப்பேன். உள்ளே போகும்போது ஒரு சத்தம் வரும் பாரு, காத்து வெளியே போற சத்தம். அதைக் கேட்கிறதுக்காகவே இன்னொரு நாற்காலி செய்யலாம்.

இப்ப நான் ஒண்ணு கேட்கிறேன். நேராப் பதில் சொல்லு. தடம் எடுத்த தாளைப் பார்த்தேன். வலது கைத் தடம் அழுத்தமா இருக்கு, அஞ்சு விரலும் எண்ணலாம். இடது பக்கம் லேசா ஒரு தீற்றல்தான் இருக்கு, கை அதுமேல சும்மா கிடந்த மாதிரி. உன் இடது கைக்கு என்ன ஆச்சு?

அண்ணி


ஜூலை 24

அண்ணி,

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்த்தேன். உங்ககிட்டப் போய் மறைச்சேன் பாருங்க.

நாலஞ்சு மாசமா இடது கை தோளுக்கு மேல போகலை. அழுத்தவும் முடியலை. ஆரம்பத்துல தூக்கத்துல சுளுக்கிக்கிச்சுன்னு நினைச்சேன். அப்புறம் மேல் அலமாரியில இருந்த பாத்திரத்தையெல்லாம் கீழே எடுத்து வச்சுக்கிட்டேன். தலை சீவறது ஒரு கையால பழகிடுச்சு. நர்ஸ்கிட்டகூடச் சொல்லலை, சொன்னா அவங்க பையன்கிட்ட சொல்லிடுவாங்க. எழுந்திருக்க முடியாததுக்குக் காரணம் இடுப்பு பாதி, இந்தக் கை பாதி.

டாக்டர்கிட்டப் போகலையான்னு கேட்பீங்க. போகலை. பயமா இருக்கு அண்ணி. போனா ஏதாவது சொல்வாங்க, சொன்னா பையனுக்குத் தெரியும், தெரிஞ்சா ஒன்பதாவது மாடிதான். அங்க எனக்குன்னு ஒரு அறை காலி பண்ணி வச்சிருக்காங்களாம். மருமக ஃபோட்டோ அனுப்பினா. சுத்தமா, அழகா இருக்கு. அதைப் பார்த்துட்டு அன்னிக்கு முழுக்க நான் சாப்பிடலை.

அண்ணன் இருந்த வரைக்கும் உங்களைக் கேட்காம ஒரு முடிவு எடுத்ததில்லை. எனக்கும் இப்ப கேட்க வேற யாரும் இல்லை. ஒரு கையால எழுந்திருக்கிற மாதிரி நாற்காலி செய்ய முடியுமா? உங்க வாத்தியாரைக் கேளுங்க. என் பேரைச் சொல்லாம கேளுங்க.

பாப்பா


ஆகஸ்ட் 9

பாப்பா,

முடியும். முதல்ல அதைச் சொல்லிடறேன்.

நாற்காலியோட வலது கை மட்டும் ஒரு இஞ்ச் உயரம், நுனி உருண்டையா, பிடிச்சா உள்ளங்கைக்குள்ள அடங்கற மாதிரி. கை முடியற இடம் முன்காலுக்கு நேர் மேலே இருக்கணும், அப்பத்தான் நீ அழுத்தற எடை கால் வழியா தரைக்குப் போகும், நாற்காலி கவிழாது. வாத்தியார் சொன்னார், நானும் ஒரு கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். பல் டாக்டரையும் பார்க்கச் சொன்னேன். வகுப்பு முழுக்க ஒரு கையைக் கட்டிக்கிட்டு எழுந்து உட்கார்ந்துக்கிட்டிருந்தோம், வெளியே போறவங்க நின்னு பார்த்தாங்க.

அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தது. போன வாரம் எல்லாத் துண்டையும் மேஜையில பரப்பி, அடையாளம் போட்டு, பசை தடவிப் பூட்டினேன். ராத்திரி காய விட்டேன். காலையில போய் நிமிர்த்தி வச்சுப் பார்க்கிறேன், உயரமான கை இடது பக்கம் இருக்கு.

ஏன்னு புரியாம பத்து நிமிஷம் சுத்திச் சுத்தி வந்தேன். அப்புறம் புரிஞ்சுது. துணியை உள்பக்கம் வெளியே வச்சுத்தானே தைப்போம்? தைச்சு முடிச்சுத் திருப்பினா வலது வலதா வரும், இடது இடதா வரும். நாற்பது வருஷப் பழக்கம், கை தானா அப்படியே பரப்பிடுச்சு. நாற்காலியை எப்படித் திருப்பறது? வாத்தியார் பார்த்தார். பென்சிலை எடுத்தார். திரும்ப வாயில வச்சுக்கிட்டார். அவர் திட்டியிருக்கலாம்.

பசை பிடிச்சது பிடிச்சதுதான். முன்கால் ரெண்டும், கை ரெண்டும் புதுசா செய்யணும். மாசக் கடைசிக்குள்ள முடிச்சுடுவேன், தினம் போறேன், ஞாயித்துக்கிழமைகூட வாத்தியார் சாவி கொடுத்துட்டார். உன் பையன் வர்றதுக்கு முன்னால நாற்காலி அங்க இருக்கும். இருக்கணும். எனக்கும் பயமா இருக்கு பாப்பா. நீ அந்த நீலச் சட்டையை எறிஞ்சதைவிட இது எனக்குப் பெரிசு.

அதுவரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்காதே. அந்தக் குழி நாற்காலிக்குக் குறுக்குக் கட்டை இருக்கான்னு பார்த்து, இருந்தா நர்ஸைக் கொண்டு அறுத்து எறி. விளிம்புக்கு வா, காலைப் பின்னால இழு, வலது கையை மட்டும் அழுத்து, மேல பார்க்காதே, முன்னால குனி. தினம் பத்துத் தடவை. முடியலேன்னாலும் பண்ணு.

டாக்டர்கிட்டப் போ.

அண்ணி


ஆகஸ்ட் 18

அண்ணி,

பையன் வந்துட்டான். முந்தாநாள் காலையில. மாசக் கடைசின்னு சொன்னவன், இந்தப் பக்கம் ஆபீஸ் வேலை வந்துச்சாம், அப்படியே வந்து நிக்கிறான். உங்க நாற்காலி கொட்டகையில. நான் குழி நாற்காலியில.

பையைக் கையில வச்சுக்கிட்டே வாசல்ல நின்னான். ரொம்ப நல்லவனா, ரொம்பச் சாதுவா, "எழுந்து வாம்மா"ன்னான். குறுக்குக் கட்டையை நர்ஸ் அறுத்துக் கொடுத்து நாலு நாள்தான் ஆகியிருந்துச்சு. பத்துத் தடவை பண்ணா ரெண்டு தடவைதான் எழுந்திருப்பேன். அதையும் யாரும் பார்க்கலை.

விளிம்புக்கு வந்தேன். காலை இழுத்தேன். குனிஞ்சேன். பாதி தூரம் வந்து தொப்புன்னு உட்கார்ந்துட்டேன்.

அவன் பையைக் கீழே வச்சுட்டு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு ஓடி வந்தான். அவன் முகத்தைப் பார்த்தேன் அண்ணி. திட்டற முகம் இல்லை, முடிவு பண்ணிட்ட முகம். அந்த அறை ஃபோட்டோ கண்ணு முன்னால வந்துச்சு. "கிட்ட வராதே!"ன்னு கத்திட்டேன். என் பிள்ளைகிட்ட நான் அப்படிக் கத்தினதே இல்லை. அப்படியே நின்னுட்டான்.

அவன் முகத்தைப் பார்த்ததுதான் தப்புன்னு தெரிஞ்சுது. மேல பார்த்தேனே. மேல பார்க்காதே, முன்னால குனின்னு எழுதியிருந்தீங்க இல்லே, அது உங்க குரல்லேயே கேட்டுச்சு, அந்த அதட்டலோட. தரையைப் பார்த்தேன். என் மூக்கு என் கால் விரலைத் தாண்டுச்சு. வலது கையை ஒரு அழுத்து அழுத்தினேன். எழுந்துட்டேன். ஆடினேன், ஆனா விழலை. அவனைத் தாண்டி நடந்து போய் சமையலறையில ஒரு டம்ளர் தண்ணி குடிச்சேன். டம்ளர் இருக்கிற இடத்தைப் பார்க்காமலே எடுத்தேன்.

"யாரும்மா சொல்லிக் கொடுத்தா?"ன்னான். அண்ணின்னேன். "நீங்க ரெண்டு பேரும் பேசறதில்லையே?" பேசறதில்லைதான்னேன்.

நின்னுக்கிட்டே இடது கை விஷயத்தையும் சொல்லிட்டேன். நிக்கிற தைரியத்துல சொன்னதுதான். குதிச்சான், திட்டினான், அப்புறம் அவனே டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போனான். தோள் இறுகிப் போச்சாம், பயப்பட ஒண்ணும் இல்லையாம், தினம் பயிற்சி பண்ணா மெதுவா விடுமாம். இதுக்கா அஞ்சு மாசம் நடுங்கினேன்! வீட்டுக்கு வந்து எனக்குப் பயிற்சி பண்ணிக் காட்டினான். அப்புறம் சொன்னான், "சரி, இருந்துக்கோ. நர்ஸ்கிட்ட ஒரு சாவி கொடு. தினம் ஃபோன் பண்ணு." அவ்வளவுதான். நேத்து சாயந்திரம் கிளம்பிட்டான்.

அவன் போன பிறகு கதவைச் சாத்திட்டு வந்து திரும்ப அதே நாற்காலியில உட்கார்ந்தேன். எழுந்தேன். திரும்ப உட்கார்ந்தேன், எழுந்தேன். அழுகை வந்துச்சு, அழுதேன். என் வீடு அண்ணி. என் வீட்டுலேயே இருக்கப் போறேன்.

பையன் பார்த்துட்டான், நர்ஸ் பார்த்துட்டாங்க. டிஸ்பென்சரியில ஊர் பேர் தெரியாதவங்க எழுந்திருக்கறதையெல்லாம் ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்தீங்களே, நான் எழுந்திருக்கறதை நீங்க ஒரு தடவைகூடப் பார்க்கலை. நாற்காலியைப் பார்சல்ல அனுப்பாதீங்க.

பாப்பா


ஆகஸ்ட் 24

பாப்பா,

நாற்காலி முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை காலை பஸ்ல கொண்டு வர்றேன்.

கதவைத் திறந்து வச்சுடு. வாசலுக்கு வராதே. உட்கார்ந்தே இரு. நான் உள்ளே வந்து, எதிர்ல நின்ன பிறகு எழுந்திரு.

அண்ணி